புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள்

கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம் வேதியியல் தாள் ஒன்றில் தோற்றேன். படிக்காமல் போய்த் தோற்கவில்லை. ஆறு அத்தியாயங்களையும் நான்கு முறை வாசித்திருந்தேன். ஒரு மஞ்சள் மார்க்கர் முழுதாகத் தீர்ந்துபோகும் அளவுக்குக் கோடு போட்டிருந்தேன். தேர்வு அறையில் கேள்வியைப் பார்த்ததும் அந்தப் பக்கம் அப்படியே கண்முன் வந்தது: மேலே படம், கீழே இரண்டு பத்தி, ஓரத்தில் என் மஞ்சள் கோடு. அந்தப் பத்தியில் என்ன இருந்தது என்பது மட்டும் வரவில்லை.

இப்போது பதினெட்டு வருடமாக அதே பாடத்தை நடத்துகிறேன். ஒவ்வொரு செமஸ்டரிலும் நான்கைந்து பேராவது வந்து, "எல்லாம் படிச்சேன் மேடம், எழுத உட்கார்ந்தா வரல" என்கிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் இல்லை. படிக்கும் முறையில் ஒரே ஒரு இடத்தில் தவறு நடக்கிறது, அதைச் சரிசெய்ய முடியும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு பக்கத்தை மூன்றாவது முறை வாசிக்கும்போது கண் வேகமாக ஓடும். எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். உண்மையில் அந்த வாக்கியங்கள் பழகிவிட்டன, அவ்வளவுதான். தேர்விலோ அந்த வாக்கியங்கள் எதிரில் இருக்காது. நாமாக நினைவிலிருந்து எடுக்க வேண்டும். எடுக்கும் வேலையைப் பழகாமல், பார்க்கும் வேலையை மட்டும் பழகிவிட்டுப் போகிறோம்.

2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைக் கல்லூரி மாணவர்களிடமே சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவினர் ஒரு பாடப்பகுதியை நான்கு தடவை வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு தடவை வாசித்துவிட்டு, மீதி மூன்று தடவையும் பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முன்னால்: அவர்களுக்குச் சுமார் 83 சதவீதம், எழுதியவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தலைகீழ். வாசித்தவர்கள் 40க்கு இறங்கிவிட்டார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 61இல் நின்றார்கள். தேர்வுக்கு முந்தின இரவு நமக்கு வரும் நம்பிக்கை ஏன் ஏமாற்றுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது.

சரி, செய்வது எப்படி? ஒரு தலைப்பை ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். நான்கைந்து பக்கம் போதும், அத்தியாயம் முழுவதும் வேண்டாம். புத்தகத்தை மூடி, கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஒரு வெற்றுத்தாளை எடுத்து, பத்து நிமிடம் தெரிந்ததை எல்லாம் எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம். அரைகுறை வாக்கியம், அம்புக்குறி, படம் எது வந்தாலும் சரி. வரவில்லை என்றால் உடனே புத்தகத்துக்குக் கை போகக் கூடாது, இரண்டு நிமிடமாவது முட்டிக்கொண்டிருங்கள். அந்த இரண்டு நிமிடம் வீணாகப் போகிறது என்று தோன்றும், ஆனால் முக்கியமான வேலை அங்கேதான் நடக்கிறது. அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதையும் தப்பாக எழுதியதையும் வேறு நிறப் பேனாவில் திருத்துங்கள். அடுத்த முறை படிக்க வேண்டியது அந்த நிறத்தில் இருப்பதை மட்டும்தான்.

போன செமஸ்டரில் ஒரு மாணவி நோட்டுடன் வந்தாள். மூன்று நிறத்தில் எழுதிய, அச்சடித்த மாதிரியான நோட்டு. வினையூக்கி, அதாவது தான் தீர்ந்துபோகாமல் வேதிவினையை வேகப்படுத்தும் பொருள், பற்றிய பாடம் முழுதும் தெரியும் என்றாள். நோட்டை வாங்கி என் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு பழைய வினாத்தாளின் பின்பக்கத்தைக் கொடுத்தேன். எட்டு நிமிடத்தில் மூன்று வரி எழுதினாள்: வினையின் வேகம் கூடும், கிளர்வு ஆற்றல் (வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் மேடு) குறையும், விளைபொருள் அதிகமாகக் கிடைக்கும்.

மூன்றாவது வரி தப்பு. அந்த வரிக்கு மறுப்பு அவள் நோட்டிலேயே பச்சை மையில் அடிக்கோட்டுடன் இருந்தது. அதை நான் காட்டவில்லை. "ஆற்றல் வரைபடத்தைப் போட்டுப் பாரும்மா" என்றேன். மேடு ஒன்று வரைந்தாள், அதே இடத்தில் தொடங்கி அதே இடத்தில் முடியும் இன்னொரு தாழ்ந்த மேடும் வரைந்தாள். பேனா நின்றது. "ஆரம்பமும் முடிவும் அதே உயரத்துலதான் இருக்கு மேடம். போற பாதை மட்டும்தான் மாறுது. திரும்பி வர்றதுக்கும் அதே தாழ்ந்த மேடுதானே?" என்றாள். அதேதான். முன்னோக்கிய வினையும் பின்னோக்கிய வினையும் சேர்ந்தே வேகமெடுப்பதால், சமநிலை, அதாவது இரு திசையிலும் வேகம் சமமாகும் நிலை, சீக்கிரம் வருகிறது. எவ்வளவு விளைபொருள் என்பது மாறுவதில்லை. நோட்டை வாசித்தபோது கண்ணில் படாத ஓட்டை, காலித் தாளில் எட்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது. அதை அடைத்ததும் அவளேதான்.

இதை ஒரு முறை செய்தால் போதாது. ஹெர்மன் எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்தில்தான் வேகமாகச் சரிகிறது, அப்புறம் மெதுவாகிறது. எனவே வகுப்பு நடந்த அன்று மாலையே முதல் வெற்றுத்தாளை எழுதிவிடுங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி, ஒரு வாரம் கழித்து மறுபடி. தாளின் மேல் மூலையில் அடுத்த தேதியைக் குறித்து வையுங்கள். இரண்டாவது முறை பத்து நிமிடம் ஆகாது, மூன்றாவது முறை ஐந்தே நிமிடத்தில் முடியும். ஒரே நாளில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து உருப்போடுவதைவிட, அந்த ஐந்து மணியைப் பல நாளாகப் பிரித்துப் போடுவது நெடுநாள் நிற்கும். 'இரண்டு நாளில் பாதி மறந்துவிட்டதே' என்று பதற வேண்டாம். கொஞ்சம் மறந்த பிறகு முயன்று மீட்பதுதான் ஆழமாகப் பதியும்.

பெயர்கள், வரையறைகள், மாறிலிகள் போன்ற துண்டு விஷயங்களுக்கு அட்டைகள் நல்லது: முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. 1972இல் செபாஸ்டியன் லைட்னர் பரவலாக்கிய பெட்டி முறை இதற்கு வசதி. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், அங்கே அதை எப்போதாவது பார்த்தால் போதும். தப்பாகச் சொன்னது முதல் பெட்டிக்கே திரும்பும், அதை நாள்தோறும் பார்க்க வேண்டும். நீண்ட தருவித்தல்களை (ஒரு சூத்திரத்தைப் படிப்படியாக வரவழைப்பதை) அட்டையில் எழுதாதீர்கள். அவற்றுக்கு முழுத் தாள் வேண்டும்.

வகுப்பில் குறிப்பெடுக்கும்போது பக்கத்தின் இடப்பக்கம் நான்கு விரல் அகலம் காலியாக விடுங்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் வால்டர் பாக் வகுத்த முறை இது. வகுப்பு முடிந்த பிறகு அந்தக் காலி இடத்தில், வலப்பக்கம் உள்ளதை விடையாகக் கொண்ட கேள்வியை எழுதுங்கள். 'வினையூக்கி என்றால் என்ன?' என்பது சாதாரணக் கேள்வி. 'வினையூக்கி சமநிலை மாறிலியை ஏன் மாற்றுவதில்லை?' என்பது உங்களை உட்கார வைக்கும். அப்புறம் வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு இடப்பக்கத்துக்குப் பதில் சொல்லுங்கள். வெற்றுத்தாள் முறைக்கு இதுவே தயார் வினாத்தாள்.

கணக்குப் பாடங்களில் இன்னொரு பொறி உண்டு. அத்தியாயத்தின் முடிவில் இருபது கணக்கு இருக்கும், இருபதுக்கும் அதே சூத்திரம்தான். மூன்றாவது கணக்கிலிருந்தே யோசிப்பது நின்றுவிடும், கை மட்டும் ஓடும். எந்தக் கணக்குக்கு எந்தச் சூத்திரம் என்று தேர்ந்தெடுப்பதுதான் தேர்வில் கடினம், அதற்கு இங்கே பயிற்சியே இல்லை. நான்கு அத்தியாயத்திலிருந்து இரண்டிரண்டு கணக்கு எடுத்து, வரிசையைக் கலைத்துப் போடுங்கள். மெதுவாகப் போகும், தப்பு கூடும். பரவாயில்லை, தேர்வும் அப்படித்தான் வரும்.

நேரத்தைப் பற்றி நிறையச் சொல்ல மாட்டேன். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற பிரான்செஸ்கோ சிரில்லோவின் முறை உட்காரவே மனம் வராத நாட்களுக்கு நன்றாக உதவும். தருவித்தல் போன்றவற்றுக்கு எனக்கு 50 நிமிடம் தேவைப்படுகிறது. போன் வேறு அறையில் இருக்கட்டும். தேர்வுக்கு முந்தின இரவு தூங்குங்கள். படித்தது மூளையில் உறுதிப்படத் தூக்கம் உதவுகிறது. விடிய விடிய விழித்துப் படித்தவர்கள், தெரிந்த கேள்வியைக்கூடத் தப்பாக வாசித்துவிட்டு வந்து அழுவதைப் பார்த்திருக்கிறேன்.

சேர்ந்து படிப்பதானால் மூன்று பேர் போதும். ஒருவர் நோட்டைப் பார்க்காமல் விளக்க வேண்டும், மற்ற இருவர் "ஏன்?" என்று குறுக்கிட வேண்டும். நோட்டை நடுவில் திறந்து வைத்துக்கொண்டு எல்லோரும் தலையாட்டினால், அது மறுபடி வாசிப்புதான்.

ஆசிரியரிடம் கேட்கத் தயங்காதீர்கள். நான் தோற்ற வருடம் ஒரு முறைகூடக் கேட்கவில்லை, 'இதுகூடத் தெரியாதா' என்று நினைப்பார்களோ என்ற பயம். இப்போது மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து சொல்கிறேன்: கேட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் "இந்தப் பாடம் புரியல" என்று மட்டும் சொன்னால், எங்கிருந்து தொடங்குவது என்று எனக்கும் தெரியாது. நீங்கள் எழுதிய தாளைக் கொண்டு வாருங்கள். "இந்த மூணாவது வரி வரைக்கும் வந்துட்டேன், இங்க குறி ஏன் மாறுதுன்னு தெரியல" என்று காட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் தெளிந்துவிடும்.

திருத்திய விடைத்தாள் கைக்கு வந்ததும் மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். மதிப்பெண் போன ஒவ்வொரு இடத்துக்குப் பக்கத்திலும் ஒரு குறி போடுங்கள்: படிக்கவே இல்லையா, படித்தும் வரவில்லையா, கேள்வியைத் தப்பாக வாசித்தோமா. நான் தோற்ற தாளில் பெரும்பாலும் இரண்டாவது குறிதான் விழுந்தது. மார்க்கரைக் கீழே வைத்ததும் வெற்றுத்தாளை எடுத்ததும் அதற்கு அப்புறம்தான். விடைத்தாள் கிடைத்த அன்றே உட்கார்ந்து இதைச் செய்யுங்கள். ஒரு வாரம் போய்விட்டால், அந்த வரியை ஏன் அப்படி எழுதினோம் என்று நமக்கே நினைவிருக்காது.