ஃபிளாட்ல எல்லா சபைக்காரங்களும் சேர்ந்து ஜெபிக்கிறது எப்படி

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல கத்தோலிக்க பாத்திமா மாதா கோயில், தமிழ் மெத்தடிஸ்ட் சபை, சீயோன் லுத்தரன் சபை எல்லாம் கிட்ட கிட்டதான் இருக்கு, ஆனா ஒரே ஃபிளாட்ல இருக்கிற நாம சேர்ந்து ஜெபிக்கிறது இல்ல.

ஜனவரி 18லேர்ந்து 25 வரைக்கும் கிறிஸ்தவ ஒன்றிப்பு ஜெப வாரம், அப்போ ஆரம்பிங்க. மீஹூன் (அரிசி சேமியா) பிரட்டி வச்சு கூப்பிடுங்க, தவக்கால வெள்ளிக்கிழமைன்னா மட்டும் கத்தோலிக்க அக்காவுக்காக கோழி போடாதீங்க, அன்னைக்கு அவங்க இறைச்சி சாப்பிட மாட்டாங்க.

கர்த்தர் ஜெபத்துலதான் தடுமாறும், கத்தோலிக்கங்க "எங்கள் தந்தையே"ம்பாங்க, மத்த சபைக்காரங்க நாம "எங்கள் பிதாவே"ம்போம், ரெண்டையும் பேப்பர்ல எழுதி ஒரு வாரம் அவங்களோடது மறுவாரம் நம்மளோடதுன்னு சொல்லுங்க, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம்னு தோணுது, அடுத்தவங்க வார்த்தையில ஜெபிக்கும்போது மனசு இளகுது.

நற்கருணை வேணாம், அது அவங்கவங்க சபை ஒழுங்கு. ஞானஸ்நானம் பத்தி வாக்குவாதம் வந்தா எல்லாரும் ஒண்ணா இருக்கணும்னு இயேசு ஜெபிக்கிற யோவான் 17 வாசிங்க. யாராச்சும் ஆஸ்பத்திரியில இருந்தா எல்லாரும் சேர்ந்தே போங்க.