திறந்த வன்பொருள் எவ்வளவு திறந்தது? மூடிய ஃபர்ம்வேரைக் கண்டறியும் முறை

ஒரு பலகையின் சுற்றுப்படங்கள் வெளியிடப்பட்டதும் அதைத் திறந்த வன்பொருள் என்கிறோம். ஆனால், அதன் சில்லுகளை இயக்கும் ஃபர்ம்வேரின் மூல நிரல் மறைக்கப்பட்டிருந்தால், அந்தச் சில்லுகளில் காணும் பிழையை நம்மால் திருத்த இயலாது. லினக்ஸ் ஓடும் என் ஒற்றைப் பலகைக் கணினியில் நான் சோதித்த வரிசையை இங்கே தருகிறேன்.

படி 1: கெர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளையின் வெளியீட்டில் ஃபர்ம்வேர் (firmware) என்ற சொல்லைத் தேடுங்கள். எனக்கு ஒரு வரிகூட வராததால், மூடிய கோப்பே இல்லை என்று முடிவு செய்து பல நாள் ஏமாந்திருந்தேன். கோப்பு கிடைக்காதபோது கெர்னல் எச்சரிக்கிறது. வெற்றிகரமாக ஏற்றியதையோ பிழைநீக்கச் செய்தியாக மட்டுமே பதிகிறது என்பதால், அந்தக் கருவியை இயக்கும் நிரலான டிரைவர் தானாக அறிவித்தாலொழிய அது நம் கண்ணில் படுவதில்லை. ஆகவே கெர்னலின் தொடக்க அளவுருக்களில், ஃபர்ம்வேர் ஏற்றும் பகுதிக்கு மட்டும் பிழைநீக்கச் செய்திகளைக் காட்டும் டைனமிக் டீபக் வசதியை இயக்கிவிட்டு, கணினியை மறுபடி தொடங்குங்கள். என் பலகையில் வைஃபைக்கும் புளூடூத்துக்கும் உரிய கோப்புகள் அதன்பிறகே வெளிப்பட்டன.

படி 2: கிடைத்த பெயர்களை ஃபர்ம்வேர் கோப்புகளைத் திரட்டித் தரும் லினக்ஸ்-ஃபர்ம்வேர் தொகுப்பிலுள்ள வென்ஸ் (WHENCE) என்னும் கோப்பில் தேடினால், ஒவ்வொன்றின் உரிமமும் தெரியும். மறுவிநியோகத்துக்கு அனுமதி உண்டு என்பதாலேயே மூல நிரலும் உண்டு என்று கருத வேண்டாம். யூஎஸ்பி வைஃபைக்கு நான் பரிந்துரைப்பது ஏஆர்9271 சில்லையே. அதன் ஃபர்ம்வேரின் மூல நிரல் 2013இல் வெளியிடப்பட்டது. வேகம் குறைவுதான், ஆயினும் எனக்கு அதுவே போதுமானது.

படி 3: கெர்னலுக்கு முன் ஓடுவதையும் பாருங்கள். ராஸ்பெர்ரி பை 4இல் ஆர்ம் செயலி விழிக்கும் முன்பே வரைகலைப் பகுதி மூடிய நிரலைக் கொண்டு இயங்கத் தொடங்குகிறது. ராக்சிப் ஆர்கே3399 சில்லின் நினைவகத்தை, கெர்னலை ஏற்றித் தொடங்கும் யூ-பூட்டின் திறந்த நிரலே தயார்செய்யும். புதிய ஆர்கே3588க்கோ நிறுவனம் தரும் மூடிய கோப்பு தேவைப்படுகிறது. புதியவர்கள் முன்னதையே தேர்ந்தெடுக்கலாம்.

பிற்சேர்க்கை: தம் கருவி எந்தக் கோப்பையும் கேட்கவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஃபர்ம்வேர் கருவியின் ஃபிளாஷ் நினைவகத்திலேயே எழுதப்பட்டிருந்தால், மேற்கண்ட தேடல்களில் அது சிக்காது. மூடிய கோப்புகளை நீக்கிய லினக்ஸ்-லிப்ரே கெர்னலும் அதைத் தொடுவதில்லை. அக்கருவிக்குத் தயாரிப்பாளர் ஃபர்ம்வேர் புதுப்பிப்பு தருகிறாரா என்று பாருங்கள். தருகிறார் என்றால் உள்ளே ஒரு நிரல் இருக்கிறது. அதன் மூலத்தைக் கேட்டு அவருக்கு எழுதுங்கள்.