வீட்டுக்கு அனுப்பப்பட்ட நோயாளியைப் பார்த்துக்கொள்வது எப்படி

"இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பெங்களூரிலோ சேலத்திலோ வேலூரிலோ மருத்துவமனையில் சொல்லப்பட்டு, பென்னாகரத்துக்கும் அரூருக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் திரும்பி வருகிறவர்களின் வீடுகளுக்குச் செல்வதுதான் செவிலியராகப் பல ஆண்டுகளாக என் வேலை. ஸ்கேன் படங்களும் மருந்துச் சீட்டுகளும் ஒரு துணிப்பையில் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கும். ஆனால் 'பார்த்துக்கொள்ளுங்கள்' என்ற சொல்லுக்குள் என்னென்ன வேலைகள் அடங்கியிருக்கின்றன என்பதை வீட்டில் இருக்கும் மனைவிக்கோ மருமகளுக்கோ யாரும் விளக்கிச் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த வேலைகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், தனியாகச் சமாளிக்க வேண்டியதில்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கி வைக்கப்பட்டது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் திட்டம் என்று மட்டுமே பலர் நினைக்கிறார்கள். நோய் ஆதரவு சிகிச்சையும் (குணப்படுத்த முடியாத நோயிலும் வலியையும் வேதனையையும் குறைக்கும் பராமரிப்பு) இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே வழங்கப்படுவதும் அதில் அடங்கும். டிஸ்சார்ஜ் சீட்டின் நகலோடு உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றோ, கிராம சுகாதார செவிலியரிடமோ, படுக்கையில் ஒருவர் இருக்கிறார் என்று பதிவு செய்யுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104, முதியோர் தொடர்பான உதவிக்கு 14567 ஆகிய எண்களைச் சுவரில் எழுதி வையுங்கள்.

வலி

வலி அடங்காதவரைக்கும் மற்ற எந்தப் பராமரிப்பும் பலிக்காது. வலியில் இருப்பவர் புரண்டு படுக்க மாட்டார், சாப்பிட மாட்டார், தூங்க மாட்டார். பக்கத்தில் இருப்பவரையும் தூங்க விடமாட்டார். வலி வந்த பிறகு மாத்திரை கொடுப்பது என்பதுதான் வீடுகளில் நான் காணும் மிகப் பெரிய தவறு. மருத்துவர் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று எழுதியிருந்தால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த நேரத்தில் கொடுத்துவிட வேண்டும். அடங்கியிருக்கும் வலியை அடங்கியபடியே வைத்திருப்பது எளிது, கிளம்பிவிட்ட வலியை அடக்குவது கடினம்.

கடும் வலிக்குக் கொடுக்கப்படும் மார்பின் என்ற மருந்தின் பெயரைக் கேட்டதும், அது போதைப்பொருள் அல்லவா என்று அஞ்சுகிறார்கள். புற்றுநோய் வலிக்கு மருத்துவர் குறித்த அளவில் கொடுக்கும்போது அந்த அச்சத்துக்கு இடமில்லை. இத்தகைய மருந்துகள் நோயாளிகளுக்குக் கிடைப்பது எளிதாக வேண்டும் என்பதற்காகவே போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 2014இல் திருத்தப்பட்டது. முதல் சில நாள்களில் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருந்து பிறகு குறையும். மலச்சிக்கல் மட்டும் குறையாது. ஆகவே மார்பினோடு மலமிளக்கியும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். எழுப்பினாலும் விழிக்காத அளவுக்கு அயர்ந்து, மூச்சும் மிக மெதுவாகிவிட்டால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே மருத்துவரிடம் கேளுங்கள்.

மாத்திரை கொடுத்த நேரத்தைக் குறித்துவைக்க நோட்டுப் புத்தகம் வாங்க வேண்டியதில்லை. தினசரி நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். ராயக்கோட்டைப் பக்கத்தில் எழுதப் படிக்கத் தெரியாத ஓர் ஆயா, தன் மகனுக்கு மாத்திரை கொடுக்கும் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு புளியங்கொட்டையை ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்கு மாற்றிப் போட்டுவந்தார். ஒரு வேளையும் தவறவில்லை.

நோயாளியால் பேச முடியவில்லை என்றால் முகத்தைப் பாருங்கள். நெற்றி சுருங்குவது, பல்லைக் கடிப்பது, தொட்டதும் கையைத் தட்டிவிடுவது, துணி மாற்றும்போது மட்டும் முனகுவது ஆகியவை வலியின் மொழி.

படுக்கையும் தோலும்

நம் ஊர்களில் கயிற்றுக் கட்டில்தான் வழக்கம். நடமாடுகிறவருக்கு அது சுகமாக இருக்கலாம். எழ முடியாதவருக்கு நடுவில் குழிந்து, உடலின் பாரமெல்லாம் இடுப்புக்குக் கீழ் எலும்பில் இறங்கிவிடும். கட்டிலின் மேல் பலகை போட்டு, அதன்மேல் தடித்த மெத்தையோ, மோட்டாரால் காற்று நிரப்பப்படும் ஏர் பெட்டோ விரியுங்கள். ஏர் பெட் வாங்கிவிட்டோம், இனிப் புரட்ட வேண்டாம் என்று நினைப்பதும் தவறு.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்ற வேண்டும்: காலை 6 மணிக்கு இடப்பக்கம், 8 மணிக்கு மல்லாந்து, 10 மணிக்கு வலப்பக்கம். முழுவதுமாக ஒருக்களித்துப் படுக்கவைத்தால் இடுப்பெலும்பு அழுந்தும் என்பதால், முதுகுக்குப் பின்னால் மடித்த போர்வை ஒன்றை அண்டைகொடுத்துப் பாதியளவு சாய்த்தாலே போதும். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாதபடி தூக்கி வையுங்கள். பழைய பருத்திப் புடவை ஒன்றை நான்காக மடித்து, தோளிலிருந்து தொடை வரை இருக்குமாறு நோயாளிக்கு அடியில் விரித்துவிட்டால், இருவர் இருபுறமும் நின்று அதைப் பிடித்துத் தூக்கி நகர்த்தலாம். அக்குளில் கைகொடுத்து இழுத்தால் மெத்தையில் தோல் உரசி உரியும், இழுப்பவரின் முதுகும் பிடித்துக்கொள்ளும்.

இங்கே ஒரு செய்தியைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் நடைமுறைக்கு வருவதற்கு முன்பு, எலும்பில் படியும் புளோரைடு மிகுந்த நிலத்தடி நீரையே ஆயுள் முழுக்கக் குடித்து வளர்ந்த தலைமுறை, நம் பகுதியில் இன்று படுக்கையில் இருக்கும் முதியவர்கள். அவர்களில் சிலருக்குக் கழுத்தும் முதுகெலும்பும் இடுப்பும் இறுகிப்போயிருக்கும். அப்படிப்பட்டவரை உட்காரவைக்க வலுக்கட்டாயமாக மடக்கக் கூடாது. எவ்வளவு வளைகிறாரோ அந்த அளவுக்குத் தலையணைகளை அடுக்கி, உடம்பை ஒரே கட்டையாகப் பாவித்துத் திருப்புங்கள்.

குளிப்பாட்டும்போது முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் இருபுறம், குதிகால், முழங்கை, பின்மண்டை ஆகிய இடங்களைக் கண்ணால் பார்ப்பதோடு கையாலும் தொட்டுப் பாருங்கள். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கல்போலவோ மெத்தென்றோ இருந்தால் புண் உள்ளே தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். அந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள், அதன் மீது படுக்கவும் வைக்காதீர்கள். வட்டமான டியூப்பில் உட்காரவைப்பதும் நல்லதல்ல, அதன் விளிம்பு இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். பவுடர் கொட்ட வேண்டாம். ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டுத் தேங்காய் எண்ணெயை மெல்லத் தடவுங்கள்.

வாய்ப்புற்று போன்ற நோய்களில் புண்ணின் வாடை தாங்க முடியாமல் நோயாளியை மாட்டுக் கொட்டகைப் பக்கம் ஒதுக்கிப் படுக்கவைத்த வீடுகளையும் பார்த்திருக்கிறேன். அந்த வாடைக்கு மருந்து இருக்கிறது. மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவச் சொல்லி மருத்துவர் எழுதிக்கொடுப்பார். சில நாள்களிலேயே வித்தியாசம் தெரியும். ஒட்டிக்கொண்ட கட்டுத்துணியைப் பிய்த்து எடுக்காமல், கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அதில் நனைத்து ஊறவைத்து எடுங்கள்.

சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால், அதோடு இணைத்த பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது.

வாயும் உணவும்

ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் உப்பும் ஆப்ப சோடாவும் ஒவ்வொரு தேக்கரண்டி கலந்து, மெல்லிய துணியை அதில் நனைத்து விரலில் சுற்றிக்கொண்டு, நாக்கையும் ஈறுகளையும் கன்னத்தின் உட்புறத்தையும் ஒரு நாளில் பலமுறை துடைத்துவிடுங்கள். வெள்ளையாகப் படிந்து, துடைத்தாலும் போகாமல் இருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், செவிலியரிடம் காட்டுங்கள்.

உட்காரவைத்து, முகவாயைச் சற்றே தாழ்த்தி, சிறு கரண்டியால் ஊட்டுங்கள். ஊட்டி முடித்த பிறகும் அரை மணி நேரம் சாய்க்க வேண்டாம். இருமினால் நிறுத்துங்கள். களி இறங்காதவருக்குக் கேழ்வரகுக் கூழ் இறங்கும், தண்ணீரைவிடச் சற்றுக் கெட்டியான கூழ் புரையேறாமலும் இருக்கும். பசி குறைவது நோயின் போக்கு. சாப்பிடாததால்தான் இறக்கிறார் என்று எண்ணி வாயைத் திறந்து திணிப்பது அவரைத் துன்புறுத்துவதாகவே முடியும்.

காவேரிப்பட்டணத்துப் பக்கத்தில் ஒரு பெரியவர் மாம்பழக் காலத்தில் படுத்திருந்தார். தோட்டத்தில் செந்தூரா பழுத்துக் கிடந்தது. சர்க்கரை ஏறிவிடும் என்று மகள் ஒரு துண்டுகூடக் கொடுக்கவில்லை. வாழ்நாள் வாரக் கணக்கில் சுருங்கிவிட்ட ஒருவருக்கு இவ்வளவு கண்டிப்பான பத்தியம் தேவையில்லை என்று மருத்துவரிடம் கேட்டுச் சொன்னேன். இரண்டு கரண்டிச் சாறு குடித்தார்.

குழப்பமும் மறைக்கப்படும் செய்தியும்

முதியவர் திடீரென்று இரவில் பிதற்றத் தொடங்கினால், காத்துக் கருப்பு என்று நினைத்து மந்திரிக்க ஓடுவதற்கு முன், அன்று சிறுநீர் கழித்தாரா, மலம் போய் எத்தனை நாளாயிற்று, காய்ச்சல் இருக்கிறதா, புதிதாக ஏதேனும் மாத்திரை தொடங்கப்பட்டதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேயே இருக்கும். மெல்லிய விளக்கொன்றை எரியவிட்டு, பழகிய குரலில் பேசி, கண்ணாடியையும் காதுக் கருவியையும் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

"அவருக்கு இன்ன நோய் என்று தெரியாது சிஸ்டர், சொல்லிவிடாதீர்கள்" என்று வாசலில் மனைவி என் கையைப் பிடிப்பார். உள்ளே போனால், "எனக்குத் தெரியும்மா, அவளிடம் சொல்லாதே, தாங்க மாட்டாள்" என்று கணவர் மெல்லச் சொல்வார். கேட்டால் பொய் சொல்லாமல், கேட்காததைத் திணிக்காமல் இருப்பதே சரியான வழி.

பக்கத்தில் இருப்பவர்

மகன்கள் ஓசூரிலோ பெங்களூரிலோ திருப்பூரிலோ வேலையில் இருப்பார்கள், பாரமெல்லாம் ஒரே பெண்ணின் தலையில் விழுந்திருக்கும். அந்தப் பெண் எப்போது கடைசியாக ஆறு மணி நேரம் தொடர்ந்து தூங்கினார் என்று நான் ஒவ்வொரு முறையும் கேட்பேன். ஞாயிற்றுக்கிழமை வந்து ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டுப் போகும் உறவினரிடம், பழம் வேண்டாம், சனி இரவு நீங்கள் விழித்திருங்கள் என்று தயங்காமல் சொல்லுங்கள். காரணமின்றி அழுகை வருவதும், நோயாளி மீது எரிந்து விழுவதும், "இது சீக்கிரம் முடிந்தால் தேவலை" என்று தோன்றுவதும் அன்பில்லாமை அல்ல, அசதி. தூக்கமும் பசியும் தொடர்ந்து கெட்டால் அவருக்கும் மருத்துவ உதவி தேவை.

கடைசி நாள்கள்

கை கால் சில்லிட்டுத் தோலில் திட்டுத் திட்டாக நீலம் பாயும். மூச்சு வேகமாகி, நின்று, மறுபடி வரும். தொண்டையில் சளி கரகரக்கும். அந்தச் சத்தம் கேட்பவருக்கு வேதனை தருகிற அளவுக்கு நோயாளிக்குத் தருவதில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும், குறைக்க மருந்தும் உண்டு. மூச்சுத் திணறலுக்குத் தலைப்பக்கத்தை உயர்த்தி, முகத்தில் படும்படி மின்விசிறியையோ பனையோலை விசிறியையோ வீசுங்கள். சுற்றி நிற்கும் கூட்டத்தை வாசலுக்கு அனுப்புங்கள்.

உறவினர்கள் ஒவ்வொருவராக வந்து பால் ஊற்றுவது நம் வழக்கம். விழுங்க முடியாதவரின் தொண்டையில் ஊற்றப்படும் பால் மூச்சுக்குழாயில் இறங்கும். வழக்கத்தை விட வேண்டாம். பஞ்சைப் பாலில் நனைத்துப் பிழிந்து உதட்டில் மட்டும் ஒற்றச் சொல்லுங்கள். காது கேட்கக்கூடும் என்பதால், சொத்துப் பேச்சையும் சடங்குச் செலவுப் பேச்சையும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

மூச்சு நின்ற பிறகு அவசரம் எதுவுமில்லை. குழாய்களைச் செவிலியர் வந்து அகற்றுவார். இறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்துவிடுங்கள். மிச்சமிருக்கும் மார்பின் மாத்திரைகளைப் பரணில் போட்டுவைக்காமல், எண்ணி, வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள். ஏர் பெட்டைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து நிழலில் உலர்த்தி வைத்தால் இன்னொரு வீட்டுக்குப் பயன்படும். கொடுக்கும்போது மோட்டாரோடு அதன் இரண்டு குழாய்களையும் சேர்த்துக் கட்டிக் கொடுங்கள்.