செவ்வந்தியில் வாடிய பூக்களை அகற்றும்போது நேரும் தவறுகள்

செவ்வந்தியில் ஒரு பூ என்று நாம் சொல்வது பல சிறு பூக்கள் நெருங்கி அமைந்த ஒரு தலை. விளிம்பிலுள்ள இதழ்கள் காய்ந்த பிறகும் நடுப்பகுதி விதை கட்ட முயல்வதால், காய்ந்த இதழ்களை மட்டும் விரலால் உருவிவிட்டுத் தலையை அப்படியே விடுவதால் பயனில்லை. சாமிப் படத்துக்குப் பூக் கிள்ளும்போது நேர்வது வேறு வகைத் தவறு: தலை போய்விடுகிறது, மொட்டைக் காம்பு மட்டும் நின்று காய்கிறது. காம்பை அதற்குக் கீழேயுள்ள நல்ல இலைக்குச் சற்று மேலே வெட்டினால்தான் அந்த இலையின் கணுவிலிருந்து புதுத் துளிர் தடையின்றி வரும்.

எல்லாவற்றிலும் அதிக இழப்பைத் தருவது, ஒரு பூ வாடியவுடன் கிளையையே வெட்டுவது. கொத்தாகப் பூக்கும் வகைகளில் நுனியிலுள்ள நடுப்பூவே பெரும்பாலும் முதலில் விரிந்து முதலில் வாடும். அதைச் சுற்றியிருக்கும் மொட்டுகள் அப்போதுதான் நிறம் காட்டத் தொடங்கியிருக்கும். ஆகவே முதலில் அந்த நடுப்பூவை அதன் சிறு காம்போடு மட்டும் நீக்க வேண்டும். கொத்து முழுவதும் முடிந்த பின்னரே கிளையைக் குறுக்கலாம். விரியாத மொட்டு இறுகி உருண்டையாக இருக்கும், வாடிய தலை தளர்ந்து பழுப்பேறியிருக்கும் என்பதால், வெட்டுமுன் ஒரு முறை தொட்டுப் பார்ப்பது போதும்.

திருகோணமலையில் மாரிகாலத்தில் இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. நனைந்து அழுகும் பூக்களில் சாம்பல் நிறப் பங்கசு பிடித்து, அருகிலுள்ள மொட்டுகளுக்கும் இலைகளுக்கும் பரவும். நீக்கிய பூக்களைச் சாடியின் மண்ணிலேயே போட்டுவிடுவதும் அதே தீங்கைச் செய்யும். நோயுற்றவற்றைக் கூட்டெருக் குவியலிலும் சேர்க்க வேண்டாம். கத்தரிக்கோலைச் செடிக்குச் செடி ஸ்பிரிட்டால் துடைப்பது சிறு உழைப்பே. செவ்வந்திச் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்குவதால் கையுறை அணிவது நல்லது.

குளிர்நாட்டு நூல்களின் பருவ அட்டவணையை இங்கே அப்படியே பின்பற்றுவதும் பிழையாகிவிடுகிறது. செவ்வந்தி பகல் குறுகும்போது மொட்டு விடும் செடி. அந்நாடுகளில் கோடையின் நீண்ட பகல் செடியை இலையோடும் தண்டோடும் தடிக்க வைத்த பிறகே பூக்காலம் வருகிறது. திருகோணமலையிலோ பகல் ஆண்டு முழுவதும் சுமார் 11 மணி 40 நிமிடத்துக்கும் 12 மணி 40 நிமிடத்துக்கும் இடையிலேயே இருப்பதால், செடி மெல்லிய தண்டிலும் மொட்டு வைத்துக்கொண்டே போகும். வாடிய தலைகளை மட்டும் மாதக்கணக்கில் நீக்கிக்கொண்டிருந்தால் பூக்கள் சிறுத்து, தண்டு நீண்டு சாயும். மாரிக்குப் பின் வரும் பெரும் பூப்பு முடிந்ததும், வெயில் கடுமையாகுமுன், செடியைத் தரையிலிருந்து ஒரு சாண் அளவுக்கு ஒருமுறை குறுக்கிவிடுவதே என் பார்வையில் சரி. அவ்வேலையைக் கச்சான் காற்று வீசும் மாதங்களுக்குத் தள்ளினால், இலையிழந்த செடி வறண்ட காற்றில் துளிர்க்கத் திணறும்.

குறுக்கிய உடனே பசளையை அள்ளிப் போடுவதும் தண்ணீரைத் தேங்கவிடுவதும் வேண்டாம். இலை குறைந்த செடி குறைவாகவே நீர் குடிக்கும். கரையோர வீடுகளில் கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் அதை இலைமேல் தெளிக்காமல் அடியில் ஊற்ற வேண்டும். அடியிலிருந்து பக்கக்கன்றுகள் கிளம்பிச் சில இலைகள் விரிந்த பிறகு கூட்டெரு இடலாம்; வேர் விட்ட கன்றுகளைப் பிரித்து வேறு சாடிகளில் நடவும் அதுவே ஏற்ற வேளை.