ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் போச்சா? தீர்மானங்களில் நாம் செய்யும் தவறுகள்

என் மேஜை இழுப்பறையில் ஒரு பழைய நோட்டு இருக்கிறது. தினமும் ஒரு பக்கம் எழுதியே தீருவது என்று முடிவெடுத்து வாங்கியது. முதல் 11 பக்கங்களில் தேதி, அடிக்கோடு, அழகான கையெழுத்து எல்லாம் இருக்கும். 12-ஆம் நாள் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல். எழுத நேரமே இல்லை. 13-ஆம் நாள் நேரம் இருந்தது, ஆனாலும் எழுதவில்லை. அதற்கப்புறம் நோட்டு முழுக்க வெள்ளைத் தாள்தான்.

ரொம்ப நாள் வரைக்கும் அந்தக் காய்ச்சல்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். இல்லை, கெடுத்தது 13-ஆம் நாள். ‘ஒரு நாள் விட்டாச்சு, இனி எழுதி என்ன ஆகப்போகிறது?’ என்று தோன்றியதே, அதுதான் நாம் செய்யும் தவறுகளிலேயே பெரியது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று சொல்வார்களே, அதே மனநிலை.

ஜேனட் பாலிவி, பீட்டர் ஹெர்மன் என்ற உளவியலாளர்கள் இதை உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களிடம் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். கட்டுப்பாட்டில் இருப்பவருக்கு முதலில் ஒரு மில்க்‌ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீமைச் சுவைத்துப் பார்க்கச் சொன்னால் என்ன ஆகும்? வயிறு ஓரளவு நிறைந்திருப்பதால் குறைவாகத்தானே சாப்பிட வேண்டும்? கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ‘இன்றைக்குக் கட்டுப்பாடு போயே போச்சு’ என்று ஆனபின் மனம் கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது.

உண்மையில் ஒரு நாள் தவறினால் எவ்வளவு நஷ்டம்? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2010-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒவ்வொருவரும் ஒரு சின்னப் பழக்கத்தைத் தேர்ந்தெடுத்துத் தினமும் செய்தார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. இந்த ஒரு செய்தி அன்று எனக்குத் தெரிந்திருந்தால் அந்த நோட்டு நிறைந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

அதே ஆய்வு இன்னொரு நம்பிக்கையையும் உடைத்தது. 21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறோம். இந்தக் கணக்கு 1960-இல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் எழுதியதிலிருந்து பரவியது. அவர் சொன்னது, அறுவை சிகிச்சைக்குப் பின் நோயாளிகள் தங்கள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது சுமார் 21 நாள் ஆகிறது என்பதைத்தான். லாலியின் ஆய்வில் ஒரு செயல் யோசிக்காமலே வரும் நிலையை எட்ட, தெளிவாகக் கணக்கிட முடிந்தவர்களில் பாதிப் பேருக்கு 66 நாளுக்கு மேல் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் (12 வாரத்துக்கு மேலான நாட்கள் கணக்கிட்டுச் சொன்னவை). 22-ஆம் நாள் காலையிலும் எழுந்திருக்கக் கஷ்டமாக இருக்கிறதே என்று கலங்காதீர்கள். உங்களிடம் எந்தக் குறையும் இல்லை.

அடுத்தது ஆரம்ப சூரத்தனம். உற்சாகம் பொங்குகிற நாளில் உட்கார்ந்து திட்டம் போடுகிறோம். ஒரு மணி நேர ஓட்டம், 50 பக்கம் வாசிப்பு, கூடவே ஒரு புது மொழி. அகலக்கால் வைப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தத் திட்டத்தில் தலைவலி வருகிற நாளுக்கு இடமே இல்லையே! அலைந்து களைத்து, தூக்கம் கெட்டு வீடு திரும்பும் ஒரு நாளை மனதில் வைத்துக்கொண்டு, ‘அன்றைக்கும் என்னால் எவ்வளவு முடியும்?’ என்று கேளுங்கள். பத்து நிமிட நடை என்றால் அதுதான் உங்கள் அளவு. நல்ல நாளில் அதற்கு மேல் செய்தால் யார் தடுக்கப்போகிறார்கள்?

‘இனி உடற்பயிற்சி செய்வேன்’ என்று மொட்டையாக நிறுத்திக்கொள்வதும் தவறுதான். எப்போது, எங்கே, எதற்குப் பிறகு? ‘காலையில் பல் தேய்த்ததும் ஷூவை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடப்பேன்’ என்று முடிச்சுப் போட்டுவிட்டால், அந்த நேரத்தில் யோசிக்க ஒன்றும் இருக்காது. பீட்டர் கோல்விட்சர், பாஸ்கல் ஷீரன் என்ற உளவியலாளர்கள் 2006-இல் இத்தகைய 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இப்படி நேரமும் இடமும் குறித்தவர்கள் வெறும் எண்ணத்தோடு நின்றவர்களைவிடத் தெளிவாகவே முன்னால் இருந்தார்கள். ஷூவை முந்தின இரவே கதவருகில் எடுத்து வைப்பதும் இந்த வகைதான். சின்ன வேலை, ஆனால் காலையில் அதுவே பாதி வேலை.

‘இதைச் செய்யமாட்டேன்’ என்பதைவிட ‘இதைச் செய்வேன்’ என்று தீர்மானத்தை மாற்றி எழுதுங்கள். ஸ்வீடனில் 1,066 பேரிடம் நடத்தி 2020-இல் வெளியான ஆய்வில், செய்வேன் என்று வைத்தவர்களில் சுமார் 59 சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பின் வெற்றி பெற்றதாகச் சொன்னார்கள். தவிர்ப்பேன் என்றவர்களில் அது 47 சதவீதம். ராத்திரி போனைத் தொடமாட்டேன் என்பதற்குப் பதில், படுக்கையில் புத்தகம் படிப்பேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, இவ்வளவும் செய்து மறுபடி தவறிவிட்டது. அப்போது நம்மை நாமே திட்டிக்கொண்டால் புத்தி வரும் என்று நம்புகிறோம். உளவியலாளர் மைக்கேல் வோலும் அவரோடு சேர்ந்தவர்களும் 2010-இல் கல்லூரி மாணவர்களிடம் பார்த்தது வேறு. முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். திட்டிக்கொண்டால் அந்த வேலையை நினைத்தாலே வலிக்கிறது, வலிக்கிற இடத்துக்கு யார் திரும்பிப் போவார்கள்?

இப்போது வேறொரு நோட்டில் எழுதுகிறேன். அதிலும் விட்டுப்போன தேதிகள் உண்டு. ஒரு பயணத்துக்காக இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விட்டிருக்கிறேன். அடுத்த பக்கத்தில் தேதிக்குக் கீழே, ‘களைப்பு. நாளை எழுதுகிறேன்’ என்று ஒரே வரி இருக்கிறது. அதற்கடுத்த நாள் ஒன்றரைப் பக்கம்.