களிப்பாறை சிலேட்டாகும்போது அப்பிரகத்தில் நிகழும் வேதி மாற்றத்தை அளப்பது எப்படி?

சென்னையை ஒட்டிய பரங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளும் மிக உயர்ந்த வெப்பத்தில் உருவான சார்னோக்கைட்டால் ஆனவை. ஆதலால் குறைந்த வெப்பத்தில் பாறை மாறும் தாழ்நிலை உருமாற்றத்தை ஆராய விரும்பும் மாணவர் அங்கே கல் உடைப்பதில் பயனில்லை. அதற்கேற்ற இணையை நகருக்கு வெளியே தேட வேண்டும். தாவரப் பதிவுகளைத் தாங்கி நிற்கும் ஸ்ரீபெரும்புதூர்க் களிப்பாறை உருமாறாத தொடக்கநிலையையும், கடப்பைப் படுகையைச் சேர்ந்த, எழுதுபலகைக்குப் பெயர்பெற்ற மார்க்காபூர் சிலேட்டு உருமாறிய நிலையையும் காட்டும். இரண்டையும் ஒரே முறையில் பிரித்து அளந்து ஒப்பிடுவதே இங்கே விளக்கப்படும் வழி.

அளப்பது எதை என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். புதையுண்ட சேறு ஏறத்தாழ 60 முதல் 150 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும்போது அதிலுள்ள ஸ்மெக்டைட் என்னும் களிமண் கனிமம், இல்லைட் என்னும் அப்பிரக வகைக் கனிமமாகப் படிப்படியாக மாறுகிறது. நான்முகித் தகட்டில் சிலிக்கனின் இடத்தை அலுமினியம் பிடிக்க, ஏட்டின் எதிர்மின்சுமை கூடுகிறது; அதைச் சமன்செய்யப் பொட்டாசியம் ஏடுகளுக்கிடையே நுழைந்து, அங்கிருந்த நீரை வெளியேற்றி, அவற்றை 10 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் பூட்டிவிடுகிறது. அந்தப் பொட்டாசியம் பெரும்பாலும் கரைந்துபோகும் பொட்டாஷ் ஃபெல்ஸ்பாரிலிருந்து வருகிறது. வெளியேறும் சிலிக்கா குவார்ட்சாகவும், இரும்பும் மக்னீசியமும் குளோரைட் என்னும் கனிமமாகவும் அதே பாறையில் படிகின்றன. வெப்பம் மேலும் ஏறி 300 டிகிரியை நெருங்கும்போது ஏட்டிடை இடங்கள் ஏறக்குறைய முழுதும் நிரம்பி, இல்லைட், பொட்டாசிய அப்பிரகமாகிய மஸ்கோவைட்டை எட்டுகிறது. தூய மஸ்கோவைட்டில் பொட்டாசியம் ஆக்சைடு 11.8 விழுக்காடு, இல்லைட்டில் அது கணிசமாகக் குறைவு.

ஆனால் பாறையிலுள்ள அப்பிரகம் எல்லாம் இவ்வாறு அங்கேயே பிறந்ததன்று. பழைய கிரானைட்டும் நைசும் சிதைந்தபோது ஆற்றோடு வந்து படிந்த அப்பிரகத் துகள்களும் அதில் கலந்திருக்கும். அவை தாய்ப்பாறையின் வெப்பத்தைச் சொல்லுமேயன்றி, நாம் அறிய விரும்பும் வெப்பத்தைச் சொல்லா. இவற்றை விலக்காமல் எடுத்த அளவீடு, கருவி எவ்வளவு உயர்ந்ததானாலும், தவறான விடையையே தரும் என்பது என் உறுதியான கருத்து. வந்து சேர்ந்த துகள்கள் பெரும்பாலும் பருமனானவை, புதிதாக வளர்ந்தவை நுண்ணியவை. எனவே 2 மைக்ரோமீட்டருக்குக் குறைவான பகுதியைத் தனியே எடுக்க வேண்டும்.

வெயிலும் மழையும் பட்ட மேற்பரப்பில் அப்பிரகம் பொட்டாசியத்தை இழந்திருக்கும் என்பதால், கல்லின் உட்பகுதியையே எடுங்கள். அதை இடித்துச் சிறு துண்டுகளாக்கினால் போதும். நெடுநேரம் அரைத்தால் படிகங்கள் நொறுங்கி, பருமனான பழைய அப்பிரகமும் நுண்பகுதிக்குள் வந்துவிடும். கார்பனேட் இருந்தால் நீர்த்த அசிட்டிக் அமிலத்தால் நீக்குங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் குளோரைட்டைத் தாக்கும், அதைத் தவிர்ப்பது நல்லது. பிறகு களி திரளாமல் மிதக்கும்வரை வாலைவடிநீரால் மீண்டும் மீண்டும் கழுவ வேண்டும்.

படியவிடும் நேரத்தில்தான் சென்னை மாணவர் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். நூல்கள் பெரும்பாலும் 20 டிகிரி நீரைக் கருதியே நேரம் தருகின்றன. ஸ்டோக்ஸ் விதிப்படி அந்த வெப்பநிலையில் 2 மைக்ரோமீட்டர் துகள் 10 சென்டிமீட்டர் இறங்க ஏறத்தாழ 7 மணி 45 நிமிடம் ஆகும். குளிரூட்டப்படாத நம் ஆய்வக நீர் 30 டிகிரியில் இருக்குமானால் அதன் பாகுநிலை குறைந்து, அதே தொலைவை அத்துகள் சுமார் 6 மணி 10 நிமிடத்தில் கடந்துவிடும். நூலில் உள்ளபடி காத்திருந்தால் நமக்குக் கிடைப்பது இன்னும் நுண்ணிய பகுதி. பின்னர் எடுக்கும் எக்ஸ்-கதிர்ப் பதிவில் அதன் முகடு அகலமாகி, பாறை உண்மையைவிடக் குறைவாகச் சூடேறியதுபோல் தோன்றும். ஆகவே ஜாடிக்குள் வெப்பமானியை வைத்து, நேரத்தை நீங்களே கணக்கிடுங்கள்.

மேல் 10 சென்டிமீட்டர் நீரை உறிஞ்சி, கண்ணாடிச் சில்லில் சொட்டி, காற்றில் உலரவிட்டு, தாமிரக் கதிரில் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுப் பதிவை எடுக்க வேண்டும். இல்லைட்டின் முகடு 8.8 டிகிரிக் கோணத்துக்கு (2θ) அருகே தோன்றும். அதே சில்லை எத்திலீன் கிளைக்கால் ஆவியில் வைத்து மறுபடி பதிவுசெய்தால், ஸ்மெக்டைட் 17 ஆங்ஸ்ட்ராமுக்கு விரிந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்றின் ஈரம் ஸ்மெக்டைட்டின் இடைவெளியை மாற்றும் என்பதால், உலர்ந்த சில்லை ஈர உறிஞ்சியுடன் மூடிவைத்து, எல்லா மாதிரிகளையும் ஒரே நாளில் பதிவுசெய்வது பாதுகாப்பானது.

10 ஆங்ஸ்ட்ராம் முகட்டின் பாதி உயரத்தில் உள்ள அகலமே கூப்ளர் சுட்டெண். அது 0.42 டிகிரிக்கு மேலானால் பாறை இன்னும் இறுகல் நிலையில் இருக்கிறது, 0.42க்கும் 0.25க்கும் இடைப்பட்டால் உருமாற்றத்தின் வாசலில் நிற்கும் ஆங்கிமண்டலம்; 0.25க்குக் குறைந்தால் உருமாற்றம் நிகழ்ந்துவிட்ட எப்பிமண்டலம். கருவிக்குக் கருவி அகலம் வேறுபடும் என்பதால், சுட்டெண் ஏற்கெனவே தெரிந்த தரமாதிரிகளை உங்கள் கருவியில் ஓட்டித் திருத்தம் கண்ட பின்னரே இவ்வெல்லைகளைப் பயன்படுத்துங்கள். சோடிய அப்பிரகமாகிய பாராகோனைட் இருந்தால் 9.6 ஆங்ஸ்ட்ராமில் அதன் முகடு பக்கத்திலேயே எழுந்து, இரண்டும் ஒன்றாகி அகலத்தைப் பொய்யாகக் கூட்டும். முகடு ஒருபுறம் சாய்ந்திருந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும்.

வேதி மாற்றத்தை நேரடியாகக் காண, எலக்ட்ரான் கற்றையால் ஒரு நுண்புள்ளியின் வேதிச்சேர்வையை அளக்கும் எலக்ட்ரான் நுண்பகுப்பாய்வி தேவை. குறுகிய கற்றை பொட்டாசியத்தை விரட்டிவிடும். கற்றையை விரித்தே அளக்க வேண்டும். பெற்ற ஆக்சைடுகளை 11 ஆக்சிஜனுக்குக் கணக்கிட்டு, சிலிக்கனையும் மக்னீசியத்தையும் சேர்த்துப் பாருங்கள். தூய மஸ்கோவைட்டில் சிலிக்கன் 3.0, அது 3.2, 3.3 என உயர்ந்து, இரும்பும் மக்னீசியமும் உடன் கூடி, அலுமினியம் குறைந்தால் அது ஃபெங்கைட் பக்கம் சாய்ந்த அப்பிரகம். மக்னீசியம் கூடியும் பொட்டாசியம் குறைந்தும் இருந்தால் முடிவுக்கு விரையாதீர்கள். அப்பிரக ஏடுகளுக்கிடையே குளோரைட் பின்னியிருக்கக்கூடும். அத்தகைய புள்ளிகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, பின்சிதறல் படத்தில் ஒரே நிறமாகத் தெரியும் வேறு துகளில் மீண்டும் அளவிடுங்கள்.