அன்பை அளக்கப் போய் நாம் பண்ணும் தவறுகள்

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்களில் ஒருமுறை ஏற்காட்டில் நடந்த தியானக் கூடுகைக்குப் போயிருந்தோம். போதகர் பைபிளில் 1 கொரிந்தியர் 13-ஆம் அதிகாரத்தை, அன்பு நீடிய சாந்தமுள்ளது, சினமடையாது என்று போகிற பகுதியைத் திறக்கச் சொல்லி, "அன்பு" என்று வருகிற இடத்திலெல்லாம் உங்கள் பெயரைப் போட்டு வாசித்துப் பாருங்கள் என்றார். நானும் பக்தியாகத்தான் வாசித்தேன், ஆனால் போட்டது என் பெயரை இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியின் பெயரை. நீடிய சாந்தம்? ம்ஹூம். சினமடையாது? சுத்தம். மலை இறங்கும்போது பஸ்ஸில் இதை அவளிடமே உளறித் தொலைக்க, 20 கொண்டை ஊசி வளைவும் முடிகிற வரைக்கும் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

எல்லோரும் முதலில் பண்ணுகிற தவறு இதுதான். சேலம் செவ்வாய்பேட்டையில் வெள்ளிக்கு டச், அதாவது எவ்வளவு சுத்தம் என்று பார்க்கிற மாதிரி, மாமியார், மச்சான், ஆபீஸ் மேனேஜர் என்று ஒவ்வொருவரையும் அந்த வசனத்தில் போட்டுப் பார்த்து, இவருக்கு இத்தனை டச்தான் என்று சொல்லிவிடுகிறோம். அப்போஸ்தலன் பவுல் அதை எழுதியது கி.பி. 55 வாக்கில், கொரிந்து பட்டணத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு சபைக்கு. நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று கோஷ்டி பிரிந்திருந்தார்கள், ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட்டார்கள், கர்த்தருடைய பந்தியிலேயே ஒருவன் குடித்து வெறித்திருக்க இன்னொருவன் பசியோடு உட்கார்ந்திருந்தான். அவரவர் தன்னைத்தானே சோதித்துப் பார்க்கட்டும் என்று வந்த கடிதம் அது. கல்யாணத்தில் வாசிப்பதற்கென்றே எழுதியது போல நாம் வைத்திருப்பதும் தவறுதான், சித்தப்பாவோடு இருக்கிற வரப்புத் தகராறுக்கும் அதே பக்கம்தான்.

அப்புறம், கணக்கு. "தீங்கு நினையாது" என்றால் யாருக்கும் கெட்டது நினைக்காமல் இருப்பது என்று வெகுநாள் நம்பியிருந்தேன். கிரேக்க மூலத்தில் அங்கே இருப்பது வரவு செலவு எழுதுகிறவர்கள் புழங்கிய ஒரு சொல். அடுத்தவர் செய்த தீங்கைக் கணக்கில் ஏற்றாது என்று அதற்குப் பொருள். கணக்கு என்று சொன்னால் எனக்குப் புரியும். அப்பா கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர். ஆளுக்குக் கொடுத்த வெள்ளி எத்தனை கிராம், கொலுசாகத் திரும்பியது எத்தனை, சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று நோட்டில் ஒரு வரி விடாமல் எழுதுவார், இல்லாவிட்டால் பட்டறை மூழ்கிவிடும். மொய் நோட்டும் அப்படித்தான், அதில் தப்பில்லை. நான் என் தம்பிக்கும் மனதுக்குள் ஒரு நோட்டு போட்டு வைத்திருந்தேன்: புது வீட்டு ஜெபத்துக்குச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்தான், அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு ஒரு ராத்திரிகூட ஆஸ்பத்திரியில் தங்கவில்லை, இப்படி. எங்கள் பெரியவளுக்குக் காலேஜ் முதல் வருட ஃபீஸ் கட்டியவன் அவன்தான். அது மட்டும் நோட்டில் ஏறவே இல்லை.

இதெல்லாம் மனஸ்தாபத்தோடு போகிற தவறுகள். "சகலத்தையும் தாங்கும், சகலத்தையும் சகிக்கும்" என்பதைத் தப்பாகப் பிடித்துக்கொண்டால் உயிரே போகும். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பி அம்மா வீட்டுக்கு வந்த பெண்ணிடம், பெரியவர்கள் இந்த வரியைச் சொல்லியே திருப்பி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். 7-ஆம் வசனம் மனப்பாடமாக இருக்கிறவர்களுக்கு அதற்கு முந்தின வசனம் மறந்துபோகும், அநியாயத்தில் சந்தோஷப்படாது என்று அங்கே இருக்கிறது. பிரதான ஆசாரியன் முன்பு சேவகன் ஒருவன் அறைந்தபோது இயேசுவே சும்மா இருக்கவில்லை, நான் தகாததைப் பேசியிருந்தால் எடுத்துக் காட்டு, இல்லையென்றால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார் (யோவான் 18:23). மன்னிப்பது வேறு, மறுபடியும் அடி வாங்கப் போய் நிற்பது வேறு. குடும்ப வன்முறைக்கு எதிராக 2005-லேயே சட்டம் வந்துவிட்டது, பெண்கள் உதவி எண் 181-க்கு போன் போட்டால் உதவி கிடைக்கும். வசனம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், சினமடையாது என்பதை அவள் புருஷனிடம் போய்ச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. "அவன் மேல எனக்கு அன்பே வர மாட்டேங்குது" என்று உட்கார்ந்திருப்பது. அன்பு என்னவெல்லாம் செய்யும், செய்யாது என்று அந்த அதிகாரத்தின் 4 முதல் 7 வரையிலான நாலு வசனத்தில் பவுல் சொல்வது மூலத்தில் 15 வினைச்சொற்கள். பொறுக்கும், தயவு காட்டும் என்று எல்லாமே செய்கிற வேலைதான், உள்ளே ஊறி வரட்டும் என்று காத்திருக்க அதில் ஒன்றுமில்லை. சரி, செய்துதான் பார்ப்போமே என்று போன சனிக்கிழமை தம்பிக்கு போன் போட்டேன்.

இரண்டாவது ரிங்கிலேயே எடுத்து, "என்னண்ணா, அப்பாவுக்கு ஏதாவதா?" என்று பதறினான்.

சும்மாதான் கூப்பிட்டேன் என்றேன். நம்பவில்லை. அரை மணி நேரம் கழித்து அப்பாவுக்கு போன் போட்டு, அண்ணனுக்குப் பணம் ஏதும் முடையா என்று விசாரித்திருக்கிறான்.